பந்தல் போடும் நாட்களுக்குப் பெயர் கொடுங்கள்

கேள்வி: இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் ஐந்து ஆண்டுகளாக வசிக்கிறோம். கணவர் வேலை விசாவில் இருக்கிறார். நானும் மகனும் அவரைச் சார்ந்த விசாவில். வீட்டுக்குப் பின்னால் கால்வாய் ஓடுகிறது. ஆகஸ்ட் இறுதியில் நடக்கும் படகுத் திருவிழாவுக்கு ஏற்பாட்டு வேலைகளில் உதவ ஆள் வேண்டும் என்று பாலத்தடியில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஊரில் பள்ளி அலுவலகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்று சொல்லி மின்னஞ்சல் அனுப்பினேன். தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பையே ஏற்கிறீர்களா என்று கேட்டுவிட்டார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. ஆங்கிலம் புரியும், வேகமாகப் பேச வராது. பதினைந்து வயது மகன் தானும் வருகிறேன் என்கிறான். பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற அப்பா ஜூலையில் திருச்சியிலிருந்து பார்வையாளர் விசாவில் வருகிறார், அவருக்கும் ஆசை. “சம்பளம் இல்லாத வேலைக்கு இத்தனை பாடா?” என்பது கணவரின் கேள்வி. நான் என்ன செய்யட்டும்?
வாசகி, மிட்லண்ட்ஸ்

பதில்:

அன்புள்ள சகோதரி,

ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை இந்த ஆண்டு வாங்கிக்கொள்ளாதீர்கள். அதற்காக ஒதுங்கியும் விடாதீர்கள். ஆகஸ்ட் வங்கி விடுமுறை வாரம் என்றால் சனி, ஞாயிறு, திங்கள் மூன்றும் கூட்டத்துக்கான நாட்கள். அதற்கு முந்தைய புதன், வியாழன், வெள்ளி தளம் அமைக்கும் நாட்கள். பிந்தைய செவ்வாய் பிரிக்கும் நாள். இந்த நான்கில் இரண்டுக்கு உங்கள் பெயரைக் கொடுங்கள். முடிந்தால் வியாழனும் செவ்வாயும்.

நீர்வழி நிகழ்ச்சிகளுக்குத் தளத் திட்டமும் பாதுகாப்புத் திட்டமும் வகுத்துக் கொடுப்பது என் தொழில். அதனால் தன்னார்வலர் பட்டியல்கள் நிறையவே கண்ணில் படும். எல்லாம் ஒரே சாயல்தான். சனிக்கிழமை காலைக்கு வேண்டியதைவிட இருமடங்கு பேர். வியாழக்கிழமைக்கு நாலு பேர். செவ்வாய்க்கிழமைக்குக் குழுத் தலைவரும் அவருடைய மருமகனும். சனிக்கிழமை போகிறவருக்கு மஞ்சள் மேலங்கி ஒன்றைக் கொடுத்து வாசலில் நிறுத்துவார்கள். மாலைவரை கழிப்பறைக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கலாம். வியாழக்கிழமை போகிறவர் வெறும் புல்வெளி திருவிழாத் தளமாக மாறுவதைக் கூட இருந்து பார்க்கிறார். மின்சாரம் எங்கிருந்து வருகிறது, குடிதண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது, யாரிடம் கேட்டால் காரியம் நடக்கும், யாரிடம் கேட்டால் கூட்டம் போடலாம் என்பார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியவரும். இது தெரியாமல் ஒருங்கிணைப்பாளர் ஆகிறவர் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு மூன்று நாளும் மற்றவர்களைத் தேடி அலைய வேண்டியதுதான்.

உங்களை உடனே பெரிய பொறுப்புக்குக் கேட்டதை உங்கள் திறமைக்குக் கிடைத்த பாராட்டாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கால்வாய்ச் சங்கங்கள் பலவற்றில் உறுப்பினர்களுக்கு வயதாகிவிட்டது. அலுவலக வேலை தெரிந்த ஒருவர் தாமாக வந்து எழுதினால் விடமாட்டார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை; ஆள் பஞ்சம்.

இனி வேலையைப் பற்றிச் சொல்கிறேன். தள வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைகள், கூடாரங்கள், தீயணைப்பு வண்டி வரும் வழி ஆகியவற்றைப் புல்லில் வண்ணம் தெளித்துக் குறிப்பதில் தொடங்கும். அடுத்து வேலி. ஹெராஸ் வேலி என்பார்கள். ஏறத்தாழ மூன்றரை மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள கம்பிச் சட்டங்கள். இருவர் சேர்ந்து தூக்கிக் கனமான அடிக்கட்டையில் நிறுத்தி, பக்கத்துச் சட்டத்தோடு கவ்வி போட்டு முடுக்க வேண்டும். அதில் துணிப் பதாகை கட்டினால் காற்று மொத்தத்தையும் சாய்த்துவிடும். யார் கட்டச் சொன்னாலும் தள மேலாளரைக் கேட்காமல் கட்டாதீர்கள். பிறகு குப்பைத் தொட்டிகள், வழிகாட்டிப் பலகைகள், நடைபாதைக்குக் குறுக்கே போகும் மின்கம்பிகளுக்கு மேல்மூடி, தோரணம். தோரணம் கட்ட எப்போதும் ஆள் கிடைப்பார்கள். மூடி போடத்தான் ஆள் கிடைப்பதில்லை.

கூடாரத்துக்கு முளை அடிக்கும்போது கவனம் வேண்டும். பிரிட்டனில் பல கால்வாய்களின் கரைப்பாதைக்கு அடியில் கண்ணாடி இழைக் கேபிள்கள் போகின்றன. லண்டனில் ரீஜன்ட்ஸ் கால்வாயின் கரைப்பாதையில் 1979-ஆம் ஆண்டிலிருந்து நான்கு லட்சம் வோல்ட் மின்கேபிளே புதைந்திருக்கிறது. கால்வாய்த் தண்ணீரைக் கொண்டே அதைக் குளிர்விக்கிறார்கள். ஆகவே கையில் சம்மட்டியைக் கொடுத்து “இங்கே அடியுங்கள்” என்றால், “கேபிள் வரைபடம் பார்த்தாயிற்றா?” என்று கேளுங்கள். புதிதாக வந்தவர் கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பழகியவர்கள்தாம் கேட்காமல் அடிப்பார்கள்.

தண்ணீர்ப் பக்கத்து வேலைதான் இதில் சுவையானது. மிட்லண்ட்ஸ் கால்வாய்களில் ஓடும் குறும்படகுகள் ஏழு அடிக்கும் சற்றுக் குறைவான அகலமும் எழுபது அடி வரை நீளமும் கொண்டவை. படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும், இருபுறமும் கதவு போட்ட தொட்டிகளை லாக் என்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டிய லாக்குகளின் அளவு அப்படி. படகும் அதற்கேற்ப அமைந்தது. இவ்வளவு நீளமான படகு நினைத்த இடத்தில் திரும்பாது. கரையை வெட்டி அகலப்படுத்திய திருப்புமிடங்கள் அங்கங்கே உண்டு, அங்கே மட்டும்தான் திரும்பும். விழாவுக்கு ஐம்பது படகு வருகிறது என்றால் எந்தப் படகு எந்தத் திசையிலிருந்து வருகிறது, எங்கே திரும்பி வரும், எது முதலில் கிளம்பும் என்பதை முன்கூட்டியே வரிசைப்படுத்தாவிட்டால் வெள்ளிக்கிழமை மாலை கால்வாய் அடைத்துக்கொள்ளும். இதற்கென்று ஹார்பர் மாஸ்டர் ஒருவர் இருப்பார். கரை நீளம் போதாது என்பதால் படகுகளை இரண்டு மூன்றாக அடுத்தடுத்து இணைத்துக் கட்டுவார்கள். கடைசியில் கிளம்புவது கரையோரம், முதலில் கிளம்புவது வெளிப்பக்கம். படகிலேயே கடை வைத்திருப்பவர்களுக்குக் கரையோரம்தான் வேண்டும், இல்லாவிட்டால் வாங்க வருகிறவர்கள் அடுத்தவர் படகின்மேல் ஏறிப் போக வேண்டியிருக்கும். பழைய சரக்குப் படகுகள் தண்ணீரில் ஆழமாக அமர்பவை. கரையோரச் சேற்றில் தட்டிவிடும். சவாரிப் படகுக்குத் தனித் துறையும் வரிசை நிற்க இடமும் வேண்டும். பன்னிரண்டு பயணிகளுக்கு மேல் ஏற்றுகிற படகென்றால் ஓட்டுநரிடம் போட்மாஸ்டர் உரிமம் இருக்க வேண்டும். பன்னிரண்டே பேர் ஏற்றும் படகுதான் பெரும்பாலும் வரும், ஆகவே வரிசை நீளமாகத்தான் இருக்கும்.

பள்ளி அலுவலகத்தில் வகுப்பு அட்டவணை போட்டவருக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பிடிபடும். ஹார்பர் மாஸ்டர் பக்கத்தில் ஒரு அட்டையும் பேனாவுமாக நின்று, எந்தப் படகு எப்போது வந்தது, எங்கே கட்டியது என்று குறித்துக்கொள்ளும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். அவரிடம் எல்லாம் மனப்பாடமாக இருக்கும். அவர் மதியம் சாப்பிடப் போனால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அந்த அட்டைக்கு மதிப்பு வருவது அப்போதுதான்.

படகிலிருந்து வீசும் கயிற்றைப் பிடிக்கச் சொல்வார்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். கரையிலுள்ள குட்டைத் தூணில் ஒரு சுற்றுப் போட்டு மெல்ல இறுக்குங்கள். பதினைந்து டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்புப் படகு நடை வேகத்தில் வந்தாலும் உங்கள் கையால் நிற்காது. படகுக்கும் கரைக்கும் நடுவே கையோ காலோ நுழையவே கூடாது. ஒரு படகு சுவரில் மோதப் போகிறது என்றால் மோதட்டும், வண்ணம் பூசிக்கொள்ளலாம்.

இனி நீச்சல். தெரியாதது தடை இல்லை. இந்தக் கால்வாய்களில் பெரும்பாலான இடங்களில் இடுப்பு அல்லது மார்பளவுத் தண்ணீர்தான், எழுந்து நிற்கலாம். ஆபத்து மூன்று இடங்களில் இருக்கிறது: லாக்கின் ஆழம், ஓடிக்கொண்டிருக்கும் படகின் சுழலி, திடீர்க் குளிர். பதினைந்து டிகிரிக்குக் கீழான தண்ணீரில் விழுந்தால் உடல் அதிர்ந்து மூச்சு கட்டுப்பாட்டை மீறும். நன்றாக நீந்துகிறவர்களும் அங்கேதான் தோற்கிறார்கள். ஆகவே கரை விளிம்பு வேலையில் உயிர்காப்பு அங்கி கேளுங்கள். கொடுக்காவிட்டால் அந்த வேலையைச் செய்யாதீர்கள். யாராவது விழுந்தால் நீங்கள் குதிக்கக் கூடாது. மல்லாந்து மிதக்கச் சொல்லுங்கள், எறிகயிற்றை வீசுங்கள், 999-ஐ அழைத்துத் தீயணைப்பு மீட்புப் படையைக் கேளுங்கள். உள்நாட்டு நீர்நிலைகளுக்கு அவர்கள்தாம் வருவார்கள். இடம் சொல்லத் தடுமாற வேண்டாம். கால்வாய்ப் பாலங்களில் எண் பொறித்த தகடு இருக்கும். கால்வாயின் பெயரும் பாலத்தின் எண்ணும் போதும். போன முதல் நாளே அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எலிக்காய்ச்சல் இங்கும் உண்டு. கையில் வெட்டுக்காயம் இருந்தால் நீர்புகாத ஒட்டுத்துணி போடுங்கள், கையுறை அணியுங்கள், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விழா முடிந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் மருத்துவரிடம் கால்வாய்த் தண்ணீரில் வேலை செய்ததைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று அனுப்பிவிடக்கூடும். உடையைப் பொறுத்தவரை துப்பட்டாவும் தொங்கும் தாவணியும் வேண்டாம், கூந்தலை முடிந்துகொள்ளுங்கள், கனத்த காலணி போடுங்கள்.

ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் நினைக்கிற அளவு கவலைப்படத் தேவையில்லை. வாக்கி டாக்கி மட்டும் முதல் நாளில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரைச்சலில் உள்ளூர்க்காரர்களுக்கே பாதி புரியாது. கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வதுதான் அங்கே முறை, அது உங்களுக்குச் சாதகமானதும்கூட. மற்றபடி வேலி தூக்கும்போது பேச்சுக்கு அவசரம் கிடையாது. தேநீர் இடைவேளையில் கூச்சம் தானாகக் குறையும்.

கணவரின் கேள்வி நியாயமானது. அதைக் குழுவிடமே கேளுங்கள்: நடத்துவது பதிவு செய்யப்பட்ட தொண்டு நிறுவனமா, வருமானம் எங்கே போகிறது? தனியார் நிறுவனம் ஒன்று நுழைவுக் கட்டணம் வசூலித்து லாபம் பார்க்கிற விழாவுக்கு இலவச ஆள் தேடினால் அவர் சொல்வதே சரி, போகாதீர்கள். ஆனால் இந்தக் கால்வாய்களின் கதை வேறு. 1948-இல் பெரும்பாலான கால்வாய்கள் அரசுடைமை ஆயின. சரக்கு ரயிலுக்கும் லாரிக்கும் போய்விட்டதால் பலவற்றைத் தூர்ந்துபோக விடும் நிலை. அதற்கு இரண்டு ஆண்டு முன்னதாகவே ராபர்ட் ஐக்மன், டாம் ரோல்ட் உள்ளிட்டோர் உள்நாட்டு நீர்வழிச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். 1950 ஆகஸ்டில் மார்க்கெட் ஹார்பரோவில் நூற்றுக்கும் மேற்பட்ட படகுகளைக் கூட்டி அவர்கள் நடத்திய விழாதான் இன்றைய படகுத் திருவிழாக்களுக்கெல்லாம் முன்னோடி. கேளிக்கையாகத் தோன்றினாலும் அது ஒரு போராட்டம்: இந்தக் கால்வாய்க்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்று காட்டுவது. (விழா எப்படி நடக்க வேண்டும் என்பதில் ஐக்மனுக்கும் ரோல்ட்டுக்கும் மனத்தாங்கல் முற்றி, அடுத்த ஆண்டே ரோல்ட் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். விழாக் குழுச் சண்டை உங்கள் ஊரில் தொடங்கியதல்ல.) 1970-இல் உருவான நீர்வழி மீட்புக் குழுவின் தன்னார்வலர்கள் தூர்ந்த கால்வாய்களைத் தோண்டினார்கள், லாக்குகளைத் திரும்பக் கட்டினார்கள், சங்கத்தின் விழாக்களில் தளம் போடும் முரட்டு வேலையும் அவர்களுடையதுதான். 2012 முதல் இங்கிலாந்து, வேல்ஸில் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீர்வழியைக் கால்வாய் நதி அறக்கட்டளை பராமரிக்கிறது. அதற்கான அரசு மானியம் 2027-க்குப் பிறகு படிப்படியாகக் குறையும் என்று 2023-இல் அறிவித்துவிட்டார்கள். உங்கள் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஓடுவது பல பேர் சம்பளம் வாங்காமல் செய்த வேலையாலும்தான். பயணச் செலவு, சாப்பாட்டுச் செலவை ரசீது காட்டிப் பெறலாம். அதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

மகன் வரட்டும், உங்களோடு. பதினாறு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் உடனிருக்க வேண்டும் என்று பெரும்பாலான ஏற்பாட்டாளர்கள் கேட்பார்கள். வண்டி, இயந்திரம், கயிறு ஆகியவற்றின் பக்கம் விடமாட்டார்கள். இளைஞர்களுக்கான டியூக் ஆஃப் எடின்பரோ விருதுக்காகத்தான் அவன் துடிக்கிறான் என்றால் ஒன்று சொல்லிவையுங்கள்: வெண்கல நிலைக்கே மூன்று மாதம், வாரத்துக்குச் சராசரி ஒரு மணி நேரம் தொண்டு காட்ட வேண்டும். ஒரே வாரத்தில் எட்டு எட்டு மணி நேரம் உழைத்தாலும் அது கணக்காகாது. ஜூன் மாதமே சங்கத்தின் வாராந்தர வேலைகளில், குப்பை பொறுக்குவது, கரைப்பாதைப் புல் வெட்டுவது போன்றவற்றில் சேர்ந்தால் விழாவும் அதற்குள் வந்துவிடும்.

உங்கள் விசாவுக்குச் சிக்கல் இல்லை. வேலை விசாக்காரரைச் சார்ந்தவர்கள் தன்னார்வத் தொண்டு செய்யலாம். அப்பா விஷயத்தில் விதி தெளிவாக இருக்கிறது. பார்வையாளர் விசாவில் வருகிறவர் பதிவு செய்யப்பட்ட தொண்டு நிறுவனத்துக்கு மொத்தம் முப்பது நாள் வரை தொண்டு செய்யலாம். ஆனால் வருகையின் முதன்மை நோக்கம் அதுவாக இருக்கக் கூடாது, பணமும் பெறக் கூடாது. மகளைப் பார்க்க வருகிறவருக்கு இது பொருந்தும். குழுவின் தொண்டு நிறுவனப் பதிவு எண்ணைக் கேட்டு, இணையத்தில் உள்ள அரசுப் பதிவேட்டில் சரிபாருங்கள். பதிவில்லாத உள்ளூர்க் குழு என்றால் அவர் வேடிக்கை பார்க்கலாம், வேலி தூக்கக் கூடாது.

தூக்கும் வேலை அவருக்கு எப்படியும் வேண்டாம். குழுவின் காப்பீட்டில் வயது வரம்பு உண்டா என்று கேளுங்கள். அவருடைய பயணக் காப்பீட்டில் தன்னார்வ வேலை அடங்குமா என்றும் பாருங்கள். இங்கே அவசரப் பிரிவுச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை; வார்டில் சேர்த்துவிட்டால் பார்வையாளரிடம் வழக்கமான கட்டணத்தைப்போல் ஒன்றரை மடங்கு வாங்குவார்கள்.

அவருக்கு ஏற்ற இடம் லாக் பக்கம்தான். மதகும் ஷட்டரும் பார்த்தே வாழ்க்கை நடத்தியவர்; இருநூறு ஆண்டுப் பழைய லாக்கின் கதவும் பற்சக்கரமும் இன்றும் கையாலேயே இயங்குவதைப் பார்த்தால் நகர மாட்டார். காவிரிக் கால்வாய்போல் இங்கே தண்ணீர் ஓடி வயலுக்குப் போவதில்லை. ஏறக்குறைய அசையாமல் நிற்கும். ஒரு படகு குறுகலான லாக் ஒன்றில் இறங்கும்போதெல்லாம் ஒரு லட்சம் லிட்டருக்கும் மேலான தண்ணீர் மேல்மட்டத்திலிருந்து கீழே போய்விடும். அதை நீர்த்தேக்கத்திலிருந்து ஈடுகட்ட வேண்டும். ஆனால் லாக்கின் மதகைத் திறக்கும் கைப்பிடிச் சாவியை வாங்கித் தானே திறந்து பார்க்க ஆசைப்படுவார். பயிற்சி தராமல் விடாதீர்கள். சுழல்தண்டில் மாட்டிய சாவியை அப்படியே விட்டால் பல் நழுவும்போது அது சுழன்று மணிக்கட்டை உடைக்கும். படகு கீழே இறங்கும்போது பின்பகுதி மேல்கதவுக்கு அடியிலுள்ள கல்படியில் தொங்கிவிட்டால் படகு கவிழும். இவற்றை உள்ளூர் லாக் காவலர் சொல்லித் தருவார். பதிலுக்கு அப்பா கல்லணையைப் பற்றிச் சொல்லலாம். மொழிபெயர்க்க நீங்கள் அங்கே இருந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

குழுவிடம் இன்னும் இரண்டு கேட்க வேண்டும். ஒன்று, தண்ணீர். 2025 கோடையில் வறட்சியால் பல கால்வாய்களில் படகுப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். படகுகள் வந்து சேர முடியாமல் போனால் விழா நடக்குமா, நிலத்தில் மட்டும் நடக்குமா, ரத்தாகுமா, அதை எந்தத் தேதிக்குள் முடிவு செய்வார்கள்? இதற்குப் பதில் இல்லாத குழு கடைசி வாரம் எல்லோரையும் அலைக்கழிக்கும்.

மற்றது, கையெழுத்து. பீர் விற்பனைக்கும் இசை நிகழ்ச்சிக்கும் நகராட்சியிடம் தற்காலிக நிகழ்வு அறிவிப்பு கொடுப்பார்கள். கட்டணம் 21 பவுண்ட். பணியாளர்களையும் சேர்த்து ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் கூடாது. குறைந்தது பத்து வேலை நாளுக்கு முன் கொடுக்க வேண்டும். அதைத் தனி நபர் ஒருவர் தம் பெயரில்தான் கொடுக்க முடியும், பிசகினால் சட்டப்படி பொறுப்பும் அவருடையதே. மது விற்பனைக்கான தனிநபர் உரிமம் இல்லாதவருக்கு ஆண்டுக்கு ஐந்து அறிவிப்புதான் என்பதால், அளவு தீர்ந்த மூத்த உறுப்பினர்கள் புதியவர்களிடம் சிரித்துக்கொண்டே படிவத்தை நீட்டுவது உண்டு. வாங்காதீர்கள்.

ஒருங்கிணைப்புப் பொறுப்பை முழுதாக மறுக்கவும் வேண்டாம். தன்னார்வலர் பட்டியலை மட்டும், ஏற்கெனவே அதைச் செய்து பழகிய ஒருவருக்குத் துணையாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம். அதில் நீங்கள் செய்யக்கூடிய நல்ல காரியங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வேலைக்கும் நான்கு மணி நேர முறை, இரண்டு பேர் என்று பிரியுங்கள்; தனியாக நிறுத்தப்படுகிறவர்தான் பாதியில் வீட்டுக்குப் போகிறார். வருகிறவருக்கு முதல் அரைமணிக்குள் ஏதாவது வேலை கையில் இருக்க வேண்டும். சும்மா நிற்க வைத்தால் அடுத்த நாள் வரமாட்டார். மதியம் இரண்டு மணிக்கு மேல் ஆள் இருக்காது என்று முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அப்போதைக்குத் தனியாக ஆள் பிடியுங்கள். பட்டியலைத் தாளில் அச்சிட்டு ஒட்டுங்கள், பள்ளத்தில் ஓடும் கால்வாய்க் கரையில் கைபேசிச் சமிக்ஞை கிடைக்காது. செவ்வாய்க்கிழமைக்கு ஆள் தேடுவதை முதலிலேயே தொடங்குங்கள். எல்லோரும் களைத்துப்போன பின் கூடாரம் இறக்குகிற, வண்டி பின்னோக்கி வருகிற நாள் அது. காயம் படுவதும் அன்றுதான். புதிதாக, தூங்கி எழுந்து வந்த பத்துப் பேர் அன்றைக்குக் கிடைத்தால் குழுத் தலைவர் உங்களை ஆண்டு முழுதும் மறக்க மாட்டார்.

இன்றே மின்னஞ்சல் எழுதுங்கள். நீளம் வேண்டாம். வியாழன், செவ்வாய் இரு நாளும் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை வருகிறேன். படகுக் கட்டுமிட வேலையில் உதவ விரும்புகிறேன். நீச்சல் தெரியாது, உயிர்காப்பு அங்கி வேண்டும். பதினைந்து வயது மகன் என்னோடு வருவான். ஜூலையில் வரும் அப்பாவுக்காக உங்கள் தொண்டு நிறுவன எண்ணும், தன்னார்வலர்கள் உங்கள் காப்பீட்டில் அடங்குவார்களா என்ற விவரமும் தேவை. ஒருங்கிணைப்பாளருக்குப் பட்டியல் வேலையில் துணையாக இருப்பேன், தலைமை அடுத்த ஆண்டு பேசலாம். இவ்வளவு போதும்.

பதில் வரும்வரை தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுவில் அறிவிக்காதீர்கள். இருபது பேர் கட்டைவிரல் உயர்த்துவார்கள். அதை நம்பி நீங்கள் இருபது பெயரைப் பட்டியலில் ஏற்றிவிடுவீர்கள்.